தேதி சொல்ல மறுத்த பிசியோதெரபி மையம்

பெங்களூர் இந்திராநகர்ப் பக்கம், ஒரு வணிகக் கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் பிசியோதெரபி மையமொன்றில் என் தம்பி ஒன்பது மாதங்களாகச் சிகிச்சை பெற்று வருகிறான். விளையாட்டில் அடிபட்டவர்களுக்கென்றே நடத்தப்படும் மையம் அது. இதுவரை 87 அமர்வுகள் முடிந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு நானும் உடன் போய், சுவரோரம் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் இல்லாத மதிப்பீடு எதற்கு என்று கேட்கலாம். முழங்கால் நார் அறுந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, பெங்களூரில் தெருவுக்கு இரண்டாக முளைத்திருக்கும் இம்மாதிரி மையங்களில் எதற்குப் போவது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு, உள்ளே நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது பெயரைவிடப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு மர்ஃபி டவுனில் இருக்கிறது. அல்சூர், கௌதமபுரா, ஆஸ்டின் டவுன் என்று தண்டுப் பகுதித் (கன்டோன்மென்ட்) தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இந்த வட்டாரத்தில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். கௌதமபுராவில் அம்பேத்கருக்கும் புத்தருக்கும் பக்கத்தில் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அணிகளில் இடம்பிடித்தவர்களுக்கு ஆட்டத்தோடு வேலையும் சேர்ந்து கிடைத்தது. காலில் அடிபட்டாலும் சம்பளம் நிற்காது. இன்று ஆடுகிறவர்களுக்கு இருப்பது சீசனுக்குச் சீசன் புதுப்பிக்க வேண்டிய கிளப் ஒப்பந்தம்தான். என் தம்பி அப்படி ஒப்பந்தத்தில் ஆடும் நடுக்கள வீரன், வயது 23.

சென்ற ஜூலை இறுதியில், ஒரு லீக் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், பந்தோடு வந்த எதிரணி வீரரை மறிக்க ஓடியவன் சட்டென்று திசை திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. முட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டதாகப் பிறகு சொன்னான். ஏசிஎல் அறுபடும் சம்பவங்களில் பெரும்பான்மை இப்படித்தான், மோதல் எதுவும் இல்லாமல், ஓட்டத்தில் நின்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ நேர்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகப் பிணைத்து, கீழ்க்கால் முன்பக்கம் நழுவிவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நார் அது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் அது முழுவதும் அறுந்திருந்தது. கூடவே மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பு வட்டிலும் ஒரு கிழிசல். தெருவில் பாதிப்பேர் புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். எலும்பு முறிந்தபோது கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் இது எலும்பு அல்ல. மூட்டுக்குள் ஊறும் நீரில் கிடக்கும் நார் என்பதால், அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ரத்தம் உறைந்து ஒட்டுவது அரிது. வீக்கம் வடிவதற்காக மூன்று வாரம் காத்திருந்து, ஆகஸ்ட் நடுவில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங் நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது நாராகப் பொருத்தி, மெனிஸ்கஸையும் தைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முழங்கால் நோயாளிகளுக்கான மையத்தை முதல் மாடியில் வைக்கத் துணிந்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லிஃப்ட் உண்டு, நாங்கள் போன முதல் நாள் அது பழுதாகியிருந்தது. 22 படிகள். நான் கீழே நின்று தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், மையத்தின் உதவி பிசியோ, படியிறங்கி வந்தார். ‘ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல. ஊன்றுகோல் எப்பவும் அடிபட்ட காலோட போகணும். வாங்க தம்பி’ என்று சொல்லிப் பின்னால் கைகொடுத்தபடி ஒவ்வொரு படியாக ஏற்றினார். முதல் பாடம் படிக்கட்டிலேயே முடிந்துவிட்டது. மையத்தின் குறையும் நிறையும் ஒரே இடத்தில் தெரிந்த அந்த ஐந்து நிமிடத்தை நினைத்து இப்போது சிரிக்கிறேன், அன்று சிரிக்கவில்லை.

மேலே போனதும் அவர்கள் செய்த முதல் காரியம் அளப்பது. முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து பத்து செ.மீ. மேலே பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, தையற்காரர் நாடாவைத் தொடையைச் சுற்றிப் பிடித்துக் குறித்துக்கொண்டார்கள். இடது தொடையைவிட வலது தொடை நான்கு செ.மீ. மெலிந்திருந்தது. அறுவை முடிந்த பத்தே நாளில் நான்கு செ.மீ. என்பதை நான் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னேன், அலுத்துக்கொள்ளாமல் அளந்தார்கள். பிறகு முட்டியின் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கச் சொன்னார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் பத்து கிலோமீட்டர் ஓடியவனால் ஒரு துண்டை அமுக்க முடியவில்லை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தொடை மட்டும் அசையாமல் கிடந்தது. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும் வரை தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே தடுத்து வைக்கும், தசை செத்துப்போகவில்லை, தூங்குகிறது என்று மூத்த பிசியோ விளக்கினார். மின்தூண்டல் ஒட்டுகளை வைத்து அதை எழுப்ப ஆறு அமர்வுகள் பிடித்தன. தொடை முதன்முதலாகத் தானே துடித்ததை அவன் விரல் வைத்துப் பார்த்துவிட்டு என் விரலையும் எடுத்து வைத்தான்.

முட்டி மடங்குவதைவிட முழுதாக நீளுவதுதான் முதலில் முக்கியம் என்பதையும் அங்கேதான் கற்றோம். கால் முழுதாக நீளவில்லை என்றால் நடை கோணலாகி, முன்தசை என்றைக்கும் தேறாது. கோணமானியை வைத்து ஒவ்வொரு வாரமும் அளந்து, சுழியத்தை எட்டும் வரை வேறு எதற்கும் அவர்கள் போகவில்லை. இதை எழுதக் காரணம், எங்கள் தெருவிலேயே இன்னொரு பையன் வேறிடத்தில் முதல் வாரத்திலிருந்தே சைக்கிள் மிதித்துவிட்டு, இன்றைக்கும் லேசாக நொண்டுவதுதான். விசாரிக்கப் போகிறவர்கள் அளக்கிறார்களா, அளந்ததை எழுதி வைக்கிறார்களா, போன மாதத்து எண்ணைக் கேட்டால் காட்டுகிறார்களா என்று பாருங்கள். வெறும் ஐஸ் பேக்கும் அல்ட்ராசவுண்டும் வைத்து அனுப்பும் இடத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.

இனி ஒரு பெரிய குறை. ஒன்பது மாதத்தில் எங்களுக்கு மூன்று பிசியோக்கள் மாறினார்கள். ஆறாவது வாரத்தில் புதிதாக வந்தவர் கோப்பைப் படிக்காமல், தம்பியை ஆழமாக ஸ்குவாட் போட்டு எழச் சொன்னார். மெனிஸ்கஸ் தைக்கப்பட்டிருந்ததால் எடை தாங்கிய நிலையில் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று அறுவை செய்த மருத்துவர் எழுதியிருந்தார். தம்பிக்கு அது நினைவிருந்ததால் தப்பினோம். மூத்த பிசியோவிடம் புகார் செய்தபோது அவர் சாக்குச் சொல்லவில்லை. கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் அந்த விதியை எழுதி, எங்கள் முன்னாலேயே புதியவரைப் படிக்க வைத்தார். இருந்தாலும் நோயாளிக்கு நினைவிருந்ததால்தான் முட்டி தப்பியது என்ற நிலைமையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவரின் குறிப்பை நீங்களும் ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறைச் சமாச்சாரங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரியும், ஒரு பிசியோ நான்கு பேரைப் பார்ப்பார். காலை ஏழரை மணிக்குப் போனால் கவனிப்பு வேறு ரகம். பாட்டுச் சத்தம் அதிகம். வண்டி நிறுத்த இடமில்லை. நாங்கள் அல்சூரிலிருந்து மெட்ரோவில் போனோம். கபடி ஆடுகிறவர்களும், கல்லூரி அணியில் கால்பந்து ஆடும் இரண்டு பெண்களும் எங்களோடு அங்கே வந்தார்கள். கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் அறுபடும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதை அந்தப் பெண்களில் ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கிய ஸ்பெயின் வீராங்கனை அலெக்சியா புட்டேயாஸ் 2022 ஜூலையில், யூரோ போட்டி தொடங்கும் தறுவாயில், இப்படித்தான் விழுந்தார் என்றும், அடுத்த ஏப்ரலில் களத்துக்குத் திரும்பினார் என்றும் அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள்.

எல்லாரும் அங்கே இப்படி யாரையாவது மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தம்பிக்கு ஸ்பெயின் நடுக்கள வீரர் ரோட்ரி. 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிராக அடிபட்டவர் 2025 மே மாதம் களமிறங்கினார், அப்படியென்றால் எனக்கும் எட்டு மாதம் போதும் என்பது அவன் கணக்கு. மூத்த பிசியோ பிரேசிலின் நெய்மாரைக் காட்டினார். 2023 அக்டோபரில் உருகுவே ஆட்டத்தில் விழுந்தவர் ஓராண்டு கழித்து வந்து, இரண்டாவது ஆட்டத்திலேயே தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். நம் நாட்டு சந்தேஷ் ஜிங்கன் 2019 அக்டோபரில் ஏசிஎல் அறுந்து அந்த சீசன் முழுவதையும் இழந்தார். பிறகு இந்திய அணிக்குத் திரும்பவும் செய்தார். ‘யாரோட காலண்டரும் உன் முட்டிக்குப் பொருந்தாது’ என்று மட்டும் சொன்னார் மூத்த பிசியோ. எப்போது ஆடலாம் என்று முதல் நாளிலிருந்து எத்தனை முறை எத்தனை விதமாகக் கேட்டும், அந்த மனிதர் ஒரு தேதியைக்கூட வாயால் சொல்லவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். முடியும் தேதி இல்லாத வேலைக்கு முன்பணம் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

தேதிக்குப் பதிலாக அவர் கொடுத்தவை எண்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார்: ஒன்பதாவது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பொருத்தப்பட்ட நாண், உடலுக்குள் புதிதாக ரத்த ஓட்டம் பெற்று நாராக மாறுவதற்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது; வலி போய்விட்டது என்பதற்கும் நார் முற்றிவிட்டது என்பதற்கும் சம்பந்தமில்லை. நம்பிக்கையையும் எண்ணாகத்தான் தந்தார். ஏசிஎல் அறுவை செய்துகொண்ட எல்லா வகை ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால், போட்டி ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் நூற்றுக்கு 55 பேர். உயர்மட்டத்தில் ஆடுகிறவர்களை மட்டும் எடுத்தால் அது 83. தம்பி இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறான் என்று நான் புரிந்துகொண்டேன். பொய்யான தேதியைவிட இது தூங்கவிட்டது.

மார்ச் நடுவில், ஏழாவது மாதம், சோதனை வந்தது. கிளப் மேலாளர் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வாரத்துக்குள் உடற்தகுதிச் சான்றிதழோடு வந்து பயிற்சி ஆட்டத்தில் ஆடிக் காட்டினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்றார். மையத்தில் எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள். ஒற்றைக் காலில் தாண்டி நிற்கும் தூரத்தில் அடிபட்ட கால் மற்றக் காலின் 91 விழுக்காட்டை எட்டியிருந்தது. தம்பி கைதட்டிவிட்டான். ஆனால் தொடையின் முன்தசை வலுவை ஒரு கையடக்கக் கருவியால் அளந்தபோது 78தான் வந்தது. அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 90. தாண்டுவதில் முட்டி செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் கணுக்காலும் செய்து கள்ளக்கணக்கு எழுதுகின்றன, தணிக்கை செய்தால் முட்டியில் பற்றாக்குறை தெரிகிறது என்றார் பிசியோ. என் தொழிலைத் தெரிந்துகொண்டு சொன்னாரோ என்னவோ, அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சான்றிதழ் தர மறுத்துவிட்டார்.

தம்பி கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் அங்கே போகவில்லை. ஐநூறு ரூபாய்க்குச் சான்றிதழ் எழுதித் தரும் இடங்கள் இருப்பதாக அவன் நண்பர்கள் சொன்னார்கள். அதை வாங்கியிருந்தால் ஒப்பந்தம் கிடைத்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அம்மா ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்து அவன் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த இரண்டு ஞாயிறும் அவன் சாப்பிட வரவில்லை. ஒப்பந்தம் போயிற்று. நாட்டு அணிக்கு ஆடும்போது அடிபட்டால் வீரரின் கிளப்புக்கு இழப்பீடு தருவதற்கு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2012 முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. உள்ளூர் லீக்கில் விழுகிறவனுக்கு அக்காவின் வைப்புநிதிதான் ஃபிஃபா.

மூன்றாவது வாரம் அவனாகவே திரும்பிப் போனான். அன்று 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். முட்டி மறுபடி அடிபடுமோ என்று அஞ்சுகிறாயா, முட்டியை நினைக்காமல் ஆட முடியுமா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட வேண்டும்; எண் கூடக்கூட அச்சம் குறைவு, நம்பிக்கை அதிகம் என்று பொருள். தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் வேலூர்ப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் நூறு போட்டான். அவர் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, புதுத்தாள் எடுத்து, அடிபட்ட அன்று போலவே ஓடிவந்து வலப்பக்கம் திரும்புவதாகக் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கச் சொன்னார். அவன் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது தாளில் அச்சம் பற்றிய கேள்விக்கு அவன் போட்டது 30. அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த இரண்டு மாதப் பயிற்சியை அமைத்தார்கள்: முதலில் நேர்கோட்டு ஓட்டம், பிறகு கூம்புகளுக்கிடையே 45 டிகிரித் திருப்பம், பிறகு 90, பிறகு பந்தோடு, கடைசியாக எதிரே ஓர் ஆள்.

அந்த நாட்களில் அவன் இரவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது பிரேசில் ரொனால்டோவை. 1999 நவம்பரில் முட்டி நாண் கிழிந்து, 2000 ஏப்ரலில் லாசியோவுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி, சில நிமிடங்களிலேயே அதே முட்டி முழுதாகப் போய் அலறி விழுந்த காட்சி. அடுத்து, 2002 உலகக் கோப்பையில் அதே மனிதர் எட்டு கோல்களும், அவற்றில் இரண்டை இறுதி ஆட்டத்திலும் அடித்த காட்சி. முதலாவதை ஏன் பார்க்கிறாய் என்று கேட்டேன். சீக்கிரம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்து வைக்க வேண்டாமா அக்கா என்றான். ரொனால்டோவுக்குப் போனது வேறு நாண், ஏசிஎல் அல்ல என்று நான் திருத்தப் போய், பேசாமல் இருந்துவிட்டேன்.

பண விஷயம். ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாய். 24 அமர்வுத் தொகுப்பாக வாங்கினால் 24,000. நான்கு தொகுப்புகள் வாங்கியிருக்கிறோம். தொகுப்புக்கு மூன்று மாதக் காலக்கெடு உண்டு என்பதை முதலில் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது ஐந்து அமர்வுகள் காலாவதியாகி, சண்டை போட்டு மூன்றை மீட்டேன். வலுப் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் 2,500 தனி என்பதும் பில்லைப் பார்த்த பிறகே தெரிந்தது. தொகுப்புக்கு ஒரே ரசீதாகத் தருவார்கள். காப்பீட்டுக்கு அனுப்புகிறவர்கள் தேதிவாரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், கேட்டால் தருகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு இந்த மையத்துக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பேன். மார்ச் மாதத்தில் எங்களிடம் ஒரு சான்றிதழை விற்றுவிட்டு இன்னும் இரண்டு தொகுப்பு பணத்தையும் அவர்கள் வாங்கியிருக்கலாம்.

இந்த மாதம் எடுத்த பரிசோதனையில் முன்தசை வலு 88, ஒற்றைக்கால் தாண்டல் 94; அச்சத்துக்கு அவன் இப்போது போடும் எண் 65. ஆகஸ்டில் வேறொரு கிளப் வீரர் தேர்வு நடத்துவதாகக் கேள்வி. அதைப் பற்றி மையத்தில் யாரும் வாய் திறக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த பரிசோதனை ஜூன் இரண்டாம் வாரம். அதற்கான 2,500 ரூபாயை எடுத்து வைத்துவிட்டேன். லிஃப்ட் மறுபடியும் பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று நேற்று வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பியிருந்தார்கள். தம்பியிடம் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருப்பதே மறந்துபோயிற்று என்றான்.